சிறு பலகைகளை ஒன்றாக்கிய பெருந்தச்சர்

1910ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்சில் உலகக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. பல நாடுகள் தங்கள் தொழில்திறனை உலகிற்குக் காட்டுவதற்காக அங்கே மண்டபங்களை எழுப்பியிருந்தன. ஜெர்மனி எழுப்பிய இரயில்வே மண்டபம் அவற்றுள் ஒன்று. அதன் கூரை 43 மீட்டர் அகலத்திற்கு விரிந்திருந்தது. ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் நீளத்தைவிட இது சற்றுத்தான் குறைவு. ஆயினும், அந்த அகலத்திற்கு நடுவே கூரையைத் தாங்க ஒரு தூண்கூட இல்லை.

அக்காலத்தில் இவ்வளவு அகலமான கூரை என்றாலே இரும்புச் சட்டங்கள்தாம் நினைவுக்கு வரும். ஆனால், இந்தக் கூரையைத் தாங்கியவை மரத்தால் ஆன வளைவுகள். அவ்வளவு நீளமும் அழகிய வளைவும் கொண்ட மரம் எந்தக் காட்டிலும் வளர்வதில்லை. மெல்லிய பலகைகளை வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பசையால் ஒட்டி அவற்றை உருவாக்கியிருந்தனர். இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றவர் ஓட்டோ ஹெட்சர் என்னும் ஜெர்மானியத் தச்சர். தூண் இல்லாத பெரிய மரக் கூரைகள் இன்று உலகின் பல நகரங்களில் எழுவதற்கு வழிகாட்டியவர் அவரே.

தச்சரின் பட்டறை

ஓட்டோ ஹெட்சர் 1846ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்த கிளைன்ஓப்ரிங்கன் என்னும் சிற்றூர், ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்தில் வைமார் நகருக்கு அருகில் உள்ளது. வைமார், கதே, ஷில்லர் போன்ற பெருங்கவிஞர்கள் வாழ்ந்த ஊர். மலைச்சரிவுகளில் அடர்ந்த காடுகள் நிறைந்த வட்டாரம் துரிங்கியா. எனவே, மரம் அறுப்பதும் வீடு கட்டுவதும் அங்குப் பலருக்கும் பழக்கமான தொழில்கள்.

ஹெட்சர் கட்டடத் தச்சுத் தொழிலில் தேர்ச்சி பெற்றார். 1872ஆம் ஆண்டு, தமது இருபத்தாறாம் வயதில், வைமாரில் சொந்தமாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு நீராவியால் இயங்கும் மர ஆலையும் தச்சுப் பட்டறையும் சேர்ந்தே இருந்தன. இந்த ஏற்பாடு அவருக்குப் பெரிதும் துணை செய்தது. பொதுவாக, மரத்தை அறுப்பவர் ஒருவர். அதை வாங்கிக் கூரை அமைப்பவர் மற்றொருவர். ஹெட்சரிடமோ இரண்டு வேலைகளும் ஒரே இடத்தில் நடைபெற்றன. காட்டிலிருந்து வந்த அடிமரம் எப்படிப் பலகையாகிறது, பலகை காயும்போது எப்படிச் சுருங்குகிறது, எந்த இடத்தில் வெடிக்கிறது, எந்த அளவு மரம் வீணாகிறது என்பன போன்ற செய்திகள் அவருடைய பட்டறையிலேயே கண்முன் நிகழ்ந்தன.

அவருடைய தொழில் படிப்படியாக வளர்ந்தது. அரண்மனைத் தச்சர் என்னும் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. 1901ஆம் ஆண்டு அவருடைய நிறுவனம் பங்குகளைக் கொண்ட பெரிய நிறுவனமாக மாறியது. வயதும் வசதியும் கூடியபின் பலர் ஓய்வை நாடுவர். ஹெட்சரின் மிகச் சிறந்த பணியோ அதற்குப் பிறகுதான் வெளிவந்தது.

மரத்திற்கு வந்த சோதனை

ஹெட்சர் வாழ்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரத் தொழில் இரு பக்கமும் நெருக்கடியைச் சந்தித்தது.

முதல் நெருக்கடி, பெரிய மரங்களின் பற்றாக்குறை. அகலமான கூரையைத் தாங்க நீளமான, தடித்த உத்திரங்கள் வேண்டும். அத்தகைய உத்திரத்தைத் தரும் மரம் நூறாண்டுக்கும் மேல் வளர வேண்டும். ஆனால், கப்பல் கட்டவும் சுரங்கங்களைத் தாங்கவும் உலோகத்தை உருக்கவும் ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகளாகக் காடுகளை அழித்து வந்தனர். இந்த ஆபத்தை முன்பே உணர்ந்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். துரிங்கியாவுக்கு அண்டையில் உள்ள சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த அவர், 1713ஆம் ஆண்டு வன வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். காடு எவ்வளவு வளர்கிறதோ அந்த அளவுக்கே மரம் வெட்ட வேண்டும் என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்து. இன்று நாம் பேசும் நீடித்த வளர்ச்சி என்னும் சிந்தனைக்கு அதுவே ஒரு முக்கியத் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதன்பின் ஜெர்மனியில் மரங்களை முறையாக நட்டு வளர்த்தனர். அந்தக் காடுகளிலிருந்து இளமரங்கள் நிறையக் கிடைத்தன. பழங்காலத்துப் பெருமரங்கள் மட்டும் எளிதில் கிடைக்கவில்லை.

இரண்டாவது நெருக்கடி, இரும்பின் வளர்ச்சி. இரயில் நிலையங்கள், தொழிற்சாலைகள், சந்தைக் கூடங்கள் ஆகியவற்றைப் பொறியாளர்கள் இரும்பால் கட்டத் தொடங்கினர். இரும்பு எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல முடிந்தது. மரமோ ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒரு மரத்தில் கணு இருக்கும். மற்றொன்றில் வெடிப்பு இருக்கும். தடித்த மரம் உள்ளே முழுமையாகக் காய்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். காயாத மரத்தைக் கூரையில் ஏற்றினால், அது பின்னாளில் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். ஆகவே, மரம் வீடுகளுக்கு மட்டுமே ஏற்றது என்றும் பெரிய மண்டபங்களுக்கு ஏற்றதன்று என்றும் பலர் கருதினர். தச்சர்களின் வாழ்வாதாரமே கேள்விக்குறியானது.

சிறிய மரங்களை வைத்துப் பெரிய கூரை அமைக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதில்தான் மரத் தொழிலின் எதிர்காலம் அடங்கியிருந்தது.

ஒன்றாக அடுக்கினால் போதுமா?

பலகைகளை அடுக்கிப் பெரிய வளைவு செய்யும் எண்ணம் ஹெட்சருக்கு முன்பே சிலருக்குத் தோன்றியிருந்தது. பிரான்சு நாட்டு இராணுவப் பொறியாளர் எமி என்பவர், 1825ஆம் ஆண்டு வாக்கில் பயோன் நகருக்கு அருகே இத்தகைய வளைவுகளால் ஒரு கூரையை அமைத்தார். வளைத்து அடுக்கிய பலகைகளை அவர் இரும்பு மரையாணிகளாலும் பட்டைகளாலும் இறுக்கிக் கட்டினார். அது திறமையான வேலைதான். ஆயினும், அதில் ஒரு குறை இருந்தது. ஆணி இருக்கும் இடத்தில் மட்டுமே பலகைகள் பிணைந்திருந்தன. சுமை ஏறும்போது மற்ற இடங்களில் ஒரு பலகை அடுத்த பலகைமீது நழுவ முயன்றது.

இதை ஒரு சிறிய சோதனையால் புரிந்துகொள்ளலாம். ஒரு தடித்த பயிற்றுப் புத்தகத்தின் இரு ஓரங்களையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். அது எளிதாக வளையும். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதே அதற்குக் காரணம். அதே தாள்கள் முழுவதையும் பசையால் ஒட்டிக் காயவைத்தால், புத்தகம் ஒரு பலகையைப் போல விறைத்து நிற்கும். மரத்திற்கும் இதே விதிதான். பத்துப் பலகைகளை வெறுமனே அடுக்கி வைப்பதைவிட, அவற்றை நன்றாக ஒட்டி ஒரே உத்திரமாக்கினால், அதன் விறைப்பு கணக்குப்படி நூறு மடங்கு கூடும். அத்தனைக்கும் மரத்தின் அளவு ஒன்றே. கூடுதலாகச் சேர்ந்தது பசை மட்டுமே.

அப்படியானால், பசை நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். அன்றைய தச்சர்கள் விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையைப் பயன்படுத்தினர். நாற்காலி, மேசை, பெட்டி முதலியவற்றிற்கு அது போதுமானது. ஆனால், ஈரக் காற்று பட்டால் அது இளகிவிடும். ஒரு நாற்காலியின் கால் கழன்றால் மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். மக்கள் கூடியிருக்கும் மண்டபத்தின் கூரை கழன்றால் என்ன ஆகும்?

இந்த இடரைக் கடக்கப் பாலிலிருந்து கிடைக்கும் பசை உதவியது. பாலில் புளிப்பைச் சேர்த்தால் அது திரிந்து கட்டியாகும். அவ்வாறு திரண்டு வருவது கேசின் என்னும் புரதம். நாம் உண்ணும் பன்னீரும் அதைக் கொண்டதே. உலர்த்திய கேசினைச் சுண்ணாம்புடனும் நீருடனும் கலந்தால் உறுதியான பசை கிடைக்கும். காய்ந்தபின் இந்தப் பசை, தோல் பசையைக் காட்டிலும் ஈரத்தை நன்றாகத் தாங்கும். கூரைக்கு அடியில் மழை படாத இடங்களில் அது நெடுங்காலம் உழைக்கும். இத்தகைய பசையைக் கொண்டே ஹெட்சரின் வளைவுகள் உருவாயின.

1906: அறுபது வயதில் ஒரு வெற்றி

ஹெட்சர் பல ஆண்டுகள் பலகைகளை இணைக்கும் வழிகளை ஆராய்ந்தார். அதற்காகச் சில காப்புரிமைகளையும் பெற்றார். 1906ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாளைத் தொடக்கமாகக் கொண்ட ஜெர்மானியக் காப்புரிமையே அவற்றுள் மிகப் புகழ்பெற்றது. அப்போது அவருக்கு வயது அறுபது.

அந்தக் காப்புரிமை, வளைந்த ஒட்டு உத்திரத்தைப் பற்றியது. பழைய முறையில் சுவரோரத்தில் ஒரு தூண் நிற்கும். அதன் உச்சியில் சாய்வான கைமரம் வந்து சேரும். அந்த மூலைதான் கட்டடத்தின் பலவீனமான இடம். அதை வலுப்படுத்தக் குறுக்குச் சட்டங்களும் இடைத்தூண்களும் வேண்டும். அவை மண்டபத்தின் உள்ளிடத்தை அடைத்துக்கொள்ளும். ஹெட்சரின் முறையில் தூணும் கைமரமும் தனித்தனி உறுப்புகளாக இல்லை. தரையிலிருந்து எழும் உத்திரமே மெல்ல வளைந்து கூரையாகவும் மாறியது. மூலை இணைப்பு தேவைப்படவில்லை. குறுக்குச் சட்டங்களும் நீங்கின. மண்டபத்தின் உள்ளே தடையற்ற பெருவெளி கிடைத்தது.

இத்தகைய உத்திரத்தை உருவாக்கும் பணி எளிதன்று. அதன் ஒவ்வொரு படியிலும் கவனம் தேவை.

முதலில், மரத்தை மெல்லிய பலகைகளாக அறுப்பார்கள். மெல்லிய பலகை விரைவில் காயும், எளிதில் வளையும். அறுக்கும்போதே கணுவும் வெடிப்பும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். குறையுள்ள பகுதியை ஒதுக்கிவிடலாம். தடித்த மரத்தில் உள்ளே மறைந்திருக்கும் குறையை இவ்வாறு காண முடியாது.

அடுத்து, பலகைகளை அளவாகக் காயவைப்பார்கள். ஈரம் மிகுந்தால் பசை சரியாகப் பிடிக்காது. ஒரு பலகை ஈரமாகவும் மற்றொன்று காய்ந்தும் இருந்தால், பின்னர் அவை வெவ்வேறு அளவில் சுருங்கி ஒட்டிய இடத்தைப் பிளக்கும்.

பிறகு, பலகைகளின் பரப்பை வழவழப்பாக இழைப்பார்கள். பசைக்கு இடைவெளியை நிரப்பும் ஆற்றல் குறைவு. மரமும் மரமும் நெருங்கிப் பொருந்தினால்தான் மெல்லிய பசைப்படலம் தன் வேலையைச் செய்யும். பலகைகளை அடுக்கும்போது அவற்றின் முனைகள் ஒரே இடத்தில் சேராதபடி மாற்றி மாற்றி வைப்பார்கள். செங்கல் சுவரில் இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் பார்த்துக்கொள்வதைப் போன்றது இது.

இறுதியாக, பசை தடவிய பலகைகளை வேண்டிய வடிவத்தில் வளைத்து, இறுக்கும் கருவிகளால் நெருக்கிப் பிடிப்பார்கள். பசை முழுவதும் காயும்வரை காத்திருப்பார்கள். அவசரப்பட்டு முன்னதாகவே பிரித்தால் அத்தனை உழைப்பும் வீணாகும். பொறுமையுடன் காத்திருந்தால், பலகைகள் வளைந்த நிலையிலேயே நின்றுவிடும். ஒரே மரமாக உறுதி பெறும்.

ஒரு பலகையில் எஞ்சியிருக்கும் சிறு குறையை அடுத்த பலகை ஈடுசெய்வதால், ஒட்டு உத்திரத்தின் வலிமை ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். எனவே, அதன் சுமைதாங்கும் ஆற்றலைப் பொறியாளர்களால் கணக்கிட முடிந்தது. மரத்தின்மீது அவர்கள் வைத்திருந்த முக்கியக் குற்றச்சாட்டு இவ்வாறு நீங்கியது.

நம்பிக்கை பிறந்தது

புதிய முறை ஒன்று வந்தவுடன் எல்லாரும் அதை ஏற்றுக்கொள்வதில்லை. பசையை நம்பி ஒரு கூரைக்கு அடியில் நிற்க மக்கள் தயங்குவது இயல்பே. அந்தத் தயக்கத்தைப் போக்கியவை எழுந்து நின்ற கட்டடங்களே.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர்கள் இந்த முறையின் பயனை விரைவில் உணர்ந்தனர். 1909ஆம் ஆண்டு, ஜூரிக் நகரின் தெர்னர், சோப்பார் என்னும் பொறியாளர்களின் நிறுவனம் இதைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அந்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஹெட்சரின் முறையில் எழுந்தன. பனிமலைகளுக்கிடையே உள்ள சான் மோரிட்ஸ் நகரில் 1910ஆம் ஆண்டு கட்டப்பட்ட குதிரையேற்ற மண்டபம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. குதிரைகள் தடையின்றி ஓட, நடுவில் தூண் இல்லாத இடம் வேண்டும். குளிர்காலத்தில் கூரைமேல் குவியும் பனியின் பாரத்தையும் தாங்க வேண்டும். ஒட்டு உத்திரங்கள் இரண்டு தேவைகளையும் நிறைவு செய்தன.

இரயில் துறையும் இந்த முறையை விரும்பியது. அக்காலத்து இரயில் வண்டிகள் நிலக்கரியால் இயங்கின. அவற்றை நிறுத்தி வைக்கும் கொட்டகைகளில் எப்போதும் புகை சூழ்ந்திருக்கும். நிலக்கரிப் புகையில் கந்தகம் உண்டு. அது ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி இரும்புச் சட்டங்களை அரித்தது. மரத்தை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. அதனால், பெர்ன் போன்ற நகரங்களில் இரயில் கொட்டகைகளுக்கு ஒட்டு உத்திரங்களைத் தேர்ந்தெடுத்தனர். இரும்பின் அடையாளமாக விளங்கிய இரயில் வண்டிகளுக்கு மரமே நிழல் தந்தது.

தீயைப் பற்றிய அச்சமும் இருந்தது. மரம் எரியக்கூடியது என்பது உண்மையே. ஆனால், தடித்த உத்திரம் உடனே எரிந்து சாம்பலாவதில்லை. முதலில் அதன் மேற்புறம் கரியாகும். அந்தக் கரிப்படலம் உள்ளிருக்கும் மரத்தை வெப்பத்திலிருந்து காக்கும். தீ ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் ஆழத்திற்கே உள்ளே செல்லும் என்று பிற்கால ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. எஃகு எரிவதில்லை, ஆயினும், கடும் வெப்பத்தில் தன் வலிமையை இழந்து வளைந்துவிடும். மரம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முன்னரே கணக்கிட முடிவதால், மக்கள் தப்பிக்கப் போதிய அவகாசம் கிடைக்கும்படி உத்திரங்களை வடிவமைக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல் அமைந்ததுதான் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சி மண்டபம். அதன்மூலம் வைமார் தச்சரின் பெயர் பல நாடுகளுக்கும் பரவியது. இந்த வகைக் கட்டுமானத்தை ஹெட்சர் முறை என்றே பொறியாளர்கள் அழைத்தனர்.

மறைவுக்குப்பின் வளர்ந்த புகழ்

ஆனால், அந்தப் புகழை நெடுநாள் காணும் வாய்ப்பு ஹெட்சருக்குக் கிட்டவில்லை. கண்காட்சி நடந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், 1911ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், தமது அறுபத்து நான்காம் வயதில் அவர் வைமாரில் காலமானார். புகழ்மிக்க காப்புரிமைக்கும் மறைவுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள்கூட இல்லை. அவர் தொடங்கிய நிறுவனம் முதல் உலகப் போருக்குப் பின்னரும் சில காலம் இயங்கி, 1920களில் மூடப்பட்டது.

நிறுவனம் மறைந்தாலும் அறிவு மறையவில்லை. நார்வேயைச் சேர்ந்த குட்டோர்ம் பிரெக்கே என்னும் பொறியாளர் இந்த முறையை வட ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார். சுவீடனில் தோரெபோடா என்னும் ஊரில் ஒட்டு உத்திரத் தொழிற்சாலை உருவானது. ஸ்டாக்ஹோம் மத்திய இரயில் நிலையத்தின் பெரிய மண்டபத்தை அத்தகைய வளைவுகள் தாங்கின. நூறாண்டு ஆன பின்னரும் பயணிகள் அந்த வளைவுகளுக்குக் கீழே நடந்து செல்கின்றனர்.

அமெரிக்காவில் இந்த முறை வேரூன்றிய கதை, நம்பிக்கை எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பதைக் காட்டுகிறது. ஜெர்மனியில் ஹெட்சரின் முறையைக் கற்ற மேக்ஸ் ஹனிஷ் என்னும் பொறியாளர் 1923ஆம் ஆண்டு அமெரிக்காவில் குடியேறினார். 1934ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் பெஷ்டிகோ என்னும் சிற்றூரில் பள்ளி உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு ஒட்டு வளைவுகளைச் செய்ய முன்வந்தார். மாநில அதிகாரிகள் பசையை மட்டும் நம்பத் தயாராக இல்லை. மரையாணிகளும் இரும்புப் பட்டைகளும் சேர்த்தாக வேண்டும் என்றனர். வேறு வழியின்றி அவை சேர்க்கப்பட்டன. அதே காலத்தில் மேடிசன் நகரிலுள்ள அரசாங்க வனப்பொருள் ஆய்வுக்கூடம் ஒட்டு வளைவுகளின்மீது பாரம் ஏற்றிச் சோதித்தது. சோதனைகளின் முடிவுகள் அந்த வளைவுகளின் வலிமையை உறுதிப்படுத்தின. மாணவர்கள் பந்து விளையாடிய அந்தப் பள்ளிக்கூடமே, அமெரிக்காவின் ஒட்டுமரத் தொழிலுக்குத் தொடக்கமாக அமைந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேதியியலாளர்கள் செயற்கைப் பசைகளை உருவாக்கினர். கேசின் பசைக்கு நீண்டநாள் ஈரம் ஆகாது. பூஞ்சணம் பிடித்து வலிமை குன்றும். புதிய பசைகளோ மழையையும் வெயிலையும் தாங்கின. அதன்பின் பாலங்களையும் திறந்தவெளிக் கட்டடங்களையும் ஒட்டு உத்திரங்களால் கட்ட முடிந்தது.

இன்றைய தேவை

ஹெட்சரின் காலத்தில் பருவநிலை மாற்றத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கிடைக்கும் மரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தி, உறுதியான கூரை அமைப்பதே அவருடைய நோக்கம். ஆயினும், அவருடைய முறைக்கு இன்று வேறொரு மதிப்பும் கூடியுள்ளது.

மரம் வளரும்போது காற்றில் உள்ள கரியமில வாயுவை உள்ளிழுக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன்தான். மரம் கட்டடமாக நிற்கும்வரை அந்தக் கார்பன் மீண்டும் காற்றில் கலப்பதில்லை. ஐரோப்பியக் கட்டுமானத்தில் மிகுதியாகப் பயன்படும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தில், ஒரு கன மீட்டர் அளவில் ஏறத்தாழ 0.8 டன் கரியமில வாயுவுக்கு ஈடான கார்பன் அடங்கியுள்ளது. சிமெண்டையும் எஃகையும் உற்பத்தி செய்யவோ மிகுந்த வெப்பம் தேவை. அதனால் பெருமளவு கரியமில வாயு வெளியேறுகிறது. எனவே, பொருத்தமான இடங்களில் மரத்தைப் பயன்படுத்துவது சுற்றுச்சூழலுக்கு நன்மை தரும்.

சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விளையாட்டு மண்டபத்தின் அலை போன்ற கூரை, 72 மீட்டர் அகலத்தை இடைத்தூண் இன்றிக் கடக்கிறது. அதைத் தாங்குபவை ஒட்டு உத்திரங்களே. 2023ஆம் ஆண்டு அதே வளாகத்தில் கையா என்னும் ஆறு மாடிக் கட்டடம் பெரும்பாலும் மரத்தாலேயே எழுந்தது. தொழிற்சாலையில் அளவாகச் செய்யப்பட்ட உறுப்புகளைக் கொண்டுவந்து பொருத்துவதால், கட்டுமான இடத்தில் தூசியும் இரைச்சலும் குறைகின்றன.

ஆனால், மரத்தால் கட்டிவிட்டாலே அது பசுமைக் கட்டடம் ஆகிவிடாது. வெட்டிய மரத்திற்கு ஈடாக மரம் நடாவிட்டால் காடு அழியும். நம் நாட்டைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் கறையானும் பூஞ்சணமும் மரத்தைக் கெடுக்கும். எனவே, நல்ல காற்றோட்டமும் தொடர்ந்த பராமரிப்பும் இன்றியமையாதவை. பசையிலும் கவனம் வேண்டும். சில செயற்கைப் பசைகள் உடலுக்கு ஆகாத ஆவியை வெளியிடும். ஆகவே, குறைந்த அளவே ஆவி வெளியிடும் பசைகளை விதிமுறைகள் வற்புறுத்துகின்றன. தாவரங்களிலிருந்து பசை எடுக்கும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன. பாலிலிருந்து கிடைத்த பசையால் தொடங்கிய தொழில், மீண்டும் இயற்கையின் பக்கம் திரும்பிப் பார்க்கிறது.

தனிமரம் தோப்பாகாது என்று நம் முன்னோர் கூறுவர். தனிப் பலகையும் கூரையைத் தாங்காது. ஒவ்வொரு பலகையையும் தேர்ந்தெடுத்து, காயவைத்து, இழைத்து, பொறுமையுடன் பிணைத்தபோதுதான் அவை 43 மீட்டர் அகலக் கூரையைச் சுமந்தன. பெருமரங்கள் இல்லையே என்று வருந்தாமல், கையில் இருந்த சிறு பலகைகளைக் கொண்டே பெரும்பணி முடித்தவர் ஓட்டோ ஹெட்சர். காடுகளைக் காத்துக்கொண்டே கட்டடங்களையும் எழுப்ப வேண்டிய இன்றைய தலைமுறைக்கு, வைமார் நகரத்துத் தச்சரின் வாழ்க்கை சிறந்த பாடமாகும்.